குழி ஆழமாகும்போது வீடு கிட்ட வருகிறது



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை வாசிப்பார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை என்று மாவட்டங்களின் பெயர்கள் வரிசையாக வரும். மலையகத்தில் எமக்கு உறவுகள் இருக்கிறார்கள். ஆகவே காது கொடுத்துக் கேட்போம், தொலைபேசி எடுத்துச் சுகம் விசாரிப்போம். ஆனால் புத்தளம் என்ற பெயரை அந்த வரிசையில் கேட்டுப் பழக்கமில்லை. சிலாபம், மாதம்பை, மாரவில, நாத்தாண்டிய, தங்கொட்டுவ என்று எமது பக்கம் முழுவதும் தட்டையான பூமி, தென்னந்தோட்டம். எமக்குத் தெரிந்த ஆபத்து வெள்ளம், கடலரிப்பு, வரட்சி. சரிந்து விழ இங்கே மலை எங்கே இருக்கிறது என்று நாமும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம்.

மலை இல்லைதான். ஆனால் குழி இருக்கிறது. தோட்டத்துக் காணியில் கிரவல் வெட்டி எடுத்த குழி. இருபது அடி ஆழத்துக்கு நட்டுக்குத்தாக வெட்டிய குழியின் விளிம்பில் குடியிருப்பவருக்கு அது இருபது அடி மலை. அந்த மலையின் உச்சியில் அவருடைய வீடு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நான் அறிந்த ஒரு லயம். தோட்டத்தின் பெயரையோ, கிரவல் எடுப்பவரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. இதே கதை பல தோட்டங்களில் நடப்பதால் பெயர் அவ்வளவு முக்கியமுமில்லை. லயத்தின் பின்பக்கம் பழைய தென்னைகள் நின்ற காணி. மரங்கள் காய்ப்பு விட்டுப் போனதும் வெட்டினார்கள். மறுநடுகை செய்வார்கள் என்று நினைத்தோம். வந்தது கன்று இல்லை, பெக்கோ இயந்திரம். முதலில் நாலைந்து அடி வெட்டினார்கள். ரோட்டு வேலைக்குக் கிரவல் தேவை என்றார்கள். பிறகு இன்னும் கொஞ்சம், அதன் பிறகு இன்னும் கொஞ்சம்.

லயத்துப் பெண்கள் போய்க் கேட்டபோது பொறுப்பாக நின்றவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அம்மா, உங்கட வீட்டுக்கும் குழிக்கும் முப்பது அடி இருக்குது. ஒரு அடிகூட நாங்க இந்தப் பக்கம் வரமாட்டோம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். குழியின் விளிம்பு ஓர் அடிகூட லயத்தின் பக்கம் வரவில்லை. கீழேதான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மழைக்குக் கடைசிக் காம்பராவின் குசினிச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது.

அப்போது எங்களோடு நின்ற, தேங்காய் உரித்தே வயது போன ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, குழி ஆழமாகக் ஆழமாக வீடு கிட்ட வருது." நான் அந்தப் பேச்சை மறக்கவில்லை. படித்த பொறியியலாளர் கணக்குப் போட்டுச் சொல்வதும் அதையேதான்.

தோழர்களே, இதை ஒரு சின்னக் கணக்கோடு விளங்கிக்கொள்வோம். மணலையோ தளர்ந்த மண்ணையோ ஓர் இடத்தில் கொட்டினால் அது சுவர் போல நிற்காது. தனக்கென்று ஒரு சாய்வைத் தேடிக்கொள்ளும். காய்ந்த மணல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரையான சாய்வில் நிற்கும். அதாவது ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி அகலம் வேண்டும். நட்டுக்குத்தாக வெட்டிய குழிச் சுவரும் இடிந்து தளர்ந்தால் இப்படியொரு சாய்வைத்தான் தேடிப் போகும். குழியின் அடிப்பாகத்திலிருந்து அந்தச் சாய்வுக் கோட்டை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கோடு எங்கே தரையைத் தொடுகிறதோ, அதுவரை உள்ள நிலம் குழிக்குச் சொந்தமாகக்கூடிய நிலம்.

குழி 10 அடி ஆழம் என்றால் விளிம்பிலிருந்து 15 அடி. 20 அடி ஆழம் என்றால் 30 அடி. 30 அடி ஆழம் என்றால் 45 அடி. இப்போது அந்த லயத்தைப் பாருங்கள். வீடு முப்பது அடி தள்ளி இருக்கிறது. குழி பத்து அடியாக இருந்தபோது வீடு கோட்டுக்கு வெளியே இருந்தது. இருபது அடியானபோது கோடு வீட்டுச் சுவரைத் தொட்டது. முப்பது அடியானால் வீடு முழுவதும் கோட்டுக்கு உள்ளே. வீடு நகரவில்லை, விளிம்பும் நகரவில்லை. ஆனாலும் ஆபத்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகவே "எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி மட்டும் போதாது. "எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்க வேண்டும். ஆழம் சொல்லாமல் தூரம் சொல்பவர் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்.

இந்தச் சின்னக் கணக்கை யாரும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோட்டுக்கு வெளியே வீடு இருந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை. மண்ணுக்கு மண் குணம் மாறும். ஈரக் களி இருந்தால் இதைவிடத் தாழ்ந்த சாய்வுக்கும் போகும். இந்தக் கணக்கு நாம் சந்தேகப்படுவதற்கான கணக்கு. முடிவு சொல்ல மண்ணைப் படித்தவர் வந்து அளக்க வேண்டும்.

"இத்தனை மாதமாக அந்தச் சுவர் அசையாமல் நிற்கிறதே, விழுவதென்றால் அன்றே விழுந்திருக்குமே" என்று சிலர் சொல்வார்கள். கிரவல் மண் எம்மை ஏமாற்றுவது இங்கேதான். இரும்புத் தன்மை கலந்த செம்மண்ணும் கிரவலும் காய்ந்திருக்கும்போது கல் போல இறுகி நிற்கும். மேல்படை அப்படி இறுக்கமாக இருக்க, அதன் அடியில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த மெதுவான களிமண் படை இருப்பதும் உண்டு. பெக்கோ அந்தப் படைவரை இறங்கிவிட்டால் மழைத் தண்ணீர் அதைக் கரைத்துத் தள்ளும். மேலே கல், கீழே சேறு. அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

எமது பக்கத்துக் காலநிலையும் இதற்கு உதவுவதில்லை. மாதக்கணக்கில் வெயில். மண் காய்ந்து சுருங்கி, விளிம்புக்குச் சமாந்தரமாக வெடிப்பு விடும். பிறகு ஒக்டோபர், நவம்பரில் ஒரே மூச்சாக மழை. அந்த வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி நின்று, சுவரைக் குழிப் பக்கமாகத் தள்ளும். ஈரமான மண்ணுக்குப் பாரமும் கூடும், பிடிமானமும் குறையும். வெயில் காலத்தில் நிற்கும் சுவர் மழைக்காலத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகம் சரிந்ததையும், எமது மாவட்டம் வெள்ளத்தில் நின்றதையும் பார்த்தோம். அப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரால் சொல்ல முடியும்?

"தென்னை நிற்கிறதே, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்" என்பது இன்னொரு பேச்சு. தென்னையோடு வாழும் எமக்கு அதன் வேர் எப்படிப்பட்டது என்று தெரியும். ஆணிவேர் கிடையாது. நாரைப் போன்ற வேர்கள்தான். அவற்றில் பெரும்பகுதி மேல் நாலைந்து அடிக்குள் பரந்து கிடக்கும். இருபது அடிச் சுவரின் அடிப்பாகத்தை அந்த வேர் எட்டிப் பிடிக்காது. விளிம்பில் நிற்கும் மரம் காற்றில் ஆடும்போது மண்ணை இளக்கவும் செய்யும்.

அத்துடன் விளிம்புக்கு மேலே நாம் வைத்திருக்கும் பாரங்களையும் எண்ணிப் பாருங்கள். லயத்தின் சுவரும் கூரையும். தண்ணீர்த் தாங்கி. மலசலகூடக் குழியிலிருந்தும், குளிக்கும் இடத்திலிருந்தும் நாள்தோறும் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர். விளிம்பை ஒட்டி ஓடும் டிப்பரின் பாரமும் அதிர்வும். வெட்டியெடுத்து விளிம்பிலேயே குவித்து வைக்கும் மேல்மண். இவையெல்லாம் சேர்ந்து அந்தச் சுவரைக் கீழே அழுத்துகின்றன. குழிக்குள் தேங்கிய தண்ணீரை இயந்திரம் வைத்து ஒரே நாளில் இறைத்து எடுத்தாலும் ஆபத்துத்தான். தேங்கிய தண்ணீர் சுவருக்கு வெளியிலிருந்து ஒரு முட்டுப் போல இருந்தது. முட்டை எடுத்துவிட்டால், உள்ளே ஊறிய மண் பாரத்தோடு தனியே நிற்கிறது.

இடிந்தால் எவ்வளவு மண் விழும்? டிப்பர் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு கியூப் என்பது நூறு கன அடி. அதன் பாரம் நாலரைத் தொன்னுக்குக் குறையாது. இருபது அடி உயரச் சுவர், மேலே ஐந்து அடி தடிப்பில், இருபது அடி நீளத்துக்கு ஆப்பு வடிவில் கழன்று விழுந்தால் அது பத்துக் கியூப். நாற்பத்தைந்து தொன் மண். கீழே நிற்கும் தொழிலாளிக்கு ஓட நேரம் இருக்காது. மேலே இருக்கும் குசினிக்கு அடியில் மண் இருக்காது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, எமது ஊரில் நடக்காது என்று நினைப்பவர்கள் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். மா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளியதால் ஆற்றின் அடி ஆழமாகி, கரைகள் இடிந்து, தென்னந்தோட்டங்களின் ஓரங்கள் ஆற்றோடு போன கதை எமக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் யாரும் கரையை வெட்டவில்லை. அடியை ஆழமாக்கினார்கள். கரை தானாக வந்தது.

இனி, எமது தொழிலாளர் சமூகம் மறக்கக் கூடாத இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, கொஸ்லந்தை மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அளந்தவர்கள் அளந்தார்கள், எழுதியவர்கள் எழுதினார்கள். அந்தக் காகிதத்தை வீடாக மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. அது இயற்கையாகச் சரிந்த மலை, எமது குழி மனிதன் வெட்டியது. ஆனால் லயத்தில் இருப்பவரின் நிலை ஒன்றே. வீடும் அவருக்குச் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. போவதென்றால் எங்கே போவது?

இரண்டாவது, கடல் கடந்த இடம். பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் அபர்பான் என்றொரு நிலக்கரித் தொழிலாளர் கிராமம். சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஊற்று ஓடிய இடத்தின் மேலேயே குவித்து வைத்திருந்தார்கள். ஆபத்து இருக்கிறது என்று ஊரார் முன்கூட்டியே முறையிட்டிருந்தார்கள். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, பாடசாலை தொடங்கிய நேரத்தில், மழையில் ஊறிய அந்தக் குவியல் சரிந்து பாடசாலையை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் சிறுவர்கள். சுரங்கத்தில் வேலை செய்த தகப்பன்மாரே ஓடிவந்து மண்வெட்டியால் தமது பிள்ளைகளைத் தோண்டி எடுத்தார்கள். விசாரணை மன்றம் பழியைத் தேசிய நிலக்கரிச் சபையின் மீது சுமத்தியது. அதன் பிறகே, 1969இல், சுரங்கக் கழிவுக் குவியல்களின் பாதுகாப்புக்கென்று அங்கே தனிச்சட்டம் வந்தது. சுரங்கத்தின் ஆபத்து சுரங்கத்துக்குள் இறங்குபவனுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்த நாடு 116 பிள்ளைகளைக் கொடுத்துப் படித்தது.

குவித்த மேடும் வெட்டிய குழியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். பிறகு கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியபோது கிடைத்தது எமது மாவட்டத்தின் அறுவைக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிக் கைவிட்ட நிலம். ஒரு குழியைத் தோண்டியவர் போன பின்பும் குழி போவதில்லை. அது அந்த ஊருக்குச் சொத்தாகவோ சாபமாகவோ தங்கிவிடுகிறது. ஆகவே வெட்டும்போதே கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். "தலைவரே, கிரவல் குழியை நிறுத்தினால் எமது பையன்களின் வேலை என்னவாகும்? தேங்காய்ப் பறிப்பும் உரிப்பும் மாதம் முழுவதும் இல்லை. டிப்பரில் போனால்தான் அடுப்பு எரிகிறது" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது சரி. கிரவல் இல்லாமல் ரோடு இல்லை, எமது தோட்டத்துப் பாதையும் இல்லை. நான் குழியை மூடச் சொல்லவில்லை. அளந்து வெட்டச் சொல்கிறேன். படிப்படியாகத் தட்டு விட்டு வெட்டினால், சாய்வை மட்டமாக்கினால், வீட்டுப் பக்கத்தை விட்டு மறுபக்கம் போனால் வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். அப்படி வெட்டினால் ஒரே காணியிலிருந்து எடுக்கும் கியூப் குறையும் என்பது உண்மை. அந்தக் குறைவைத் தாங்க வேண்டியவர் இலாபம் எடுப்பவர். லயத்துக்காரர் தமது குசினியைக் கொடுத்து அதை ஈடுசெய்ய முடியாது. அந்தத் தாயின் மகன்தான் நாள் முழுவதும் அந்தச் சுவரின் அடியில் நிற்கிறான் என்பதையும் அவருக்குச் சொன்னேன். மேலே தாய், கீழே மகன். இருவருக்கும் நடுவே ஒரே சுவர்.

சட்டம் எமது பக்கம் என்ன சொல்கிறது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிமம் அரசுக்குரியது. உரிமம் இல்லாமல் தோண்டவோ கொண்டுசெல்லவோ முடியாது. உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். உரிமம் நிபந்தனைகளோடு வருகிறது. ஆகவே "எங்கட காணி, நாங்க வெட்டுறோம்" என்ற பேச்சு செல்லாது. இது அரசு அனுமதித்த வேலை. அனுமதித்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

அந்தக் காகிதத்தைப் பெறுவதற்கு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாட்டின் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி முடிவு செய்ய வேண்டும். கேட்க வேண்டியவை இவை: இந்தக் காணிக்கு உரிமம் உண்டா, எந்தத் திகதி வரை? எத்தனை அடி ஆழத்துக்கு அனுமதி? கட்டிடம், ரோடு, மின்கம்பம் ஆகியவற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்ட வேண்டும்? சுவரின் சாய்வு எவ்வளவாக இருக்க வேண்டும்? கடைசியாக யார் வந்து பார்த்தார்கள், என்ன எழுதினார்கள்? வேலை முடிந்ததும் குழியை எப்படித் திருத்திக் கொடுக்க வேண்டும்?

சாய்வை மதிப்பிட வருபவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நாம் தெரிந்து வைத்திருப்போம். தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ரோட்டில் வாகனத்தை நிறுத்தி, தூர நின்று பார்த்துக் கையெழுத்து வைப்பது மதிப்பீடு ஆகாது. மண்ணின் படைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். துளை போட்டு மண் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள வீட்டின் பாரத்தையும் மலசலகூடத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியில் அவர்கள் பாதுகாப்புக் காரணி என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் பலத்தை, அதைக் கீழே தள்ளும் பலத்தால் வகுத்தால் வருவது அந்த எண். எண் 1 என்றால் சுவர் விழவும் தயார், நிற்கவும் தயார். 1க்குக் குறைந்தால் விழும். மனிதர் குடியிருக்கும் கட்டிடத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டிய சாய்வுக்கு வழக்கமாக 1.5 வரை எதிர்பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ஐயா, அந்த எண் எவ்வளவு? வெயிலுக்குப் போட்ட கணக்கா, மழைக்குப் போட்ட கணக்கா?"

இன்னொன்று. ஒரு தடவை அளந்தால் போதாது. பத்து அடியில் கொடுத்த மதிப்பீடு இருபது அடிக்குச் செல்லாது. குழி ஆழமாகும் ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் மறுபடி அளக்க வேண்டும். அளப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கிரவல் எடுப்பவராக இருந்தாலும், அறிக்கை லயத்துக்காரர் கையிலும் இருக்க வேண்டும், அவர்களுடைய மொழியில் இருக்க வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். விளிம்புக்குச் சமாந்தரமாகத் தரையில் வெடிப்பு விழுந்தால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டு இடைவெளியை வாரத்துக்கொரு தடவை அளந்து திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஆனால் வெடிப்பு குழியின் மிக ஓரத்தில் இருந்தால் கிட்டப் போகாதீர்கள். சுவர் வெடிப்பின் மேல் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நேராக நின்ற தென்னை குழிப் பக்கம் சாய்ந்தால், மின்கம்பம் சரிந்தால், கதவும் யன்னலும் திடீரென்று இறுகினால், குழிச் சுவரின் அடியில் தண்ணீர் கசிந்தால், அந்தத் தண்ணீர் கலங்கி வந்தால் அது மண் சொல்லும் செய்தி. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கிராம சேவகருக்கும் சங்கக் கிளைக்கும் கொடுங்கள். ஆழத்தை அளக்க யாரும் விளிம்பில் நின்று கயிறு விட வேண்டாம். குழிக்குள் வேலை செய்யும் ஆளின் உயரத்தைக் கொண்டு தூர நின்றே மட்டிடலாம். சுவர் நாலு ஆள் உயரம் என்றால் இருபது அடி தாண்டிவிட்டது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் குளிக்கவும் விடாதீர்கள். கனமழையின்போது வெடிப்பு அகன்றால் சாமான் எடுக்க நிற்க வேண்டாம். முதலில் பிள்ளைகளோடும் வயது போனவர்களோடும் வெளியேறுங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இவ்வளவையும் தனி ஒரு குடும்பம் செய்யப் போனால் என்ன நடக்கும் என்று எமக்குத் தெரியும். "உனக்கு மட்டும் என்ன பயம்? வேறு தோட்டம் பார்த்துக்கொள்" என்பார்கள். அதனால்தான் இது சங்கத்தின் வேலை. சம்பளம் கேட்கிறோம், சேமலாப நிதி கேட்கிறோம், லயத்துக்குக் கூரைத் தகடு கேட்கிறோம். கூரைத் தகடு கேட்கும் நாம், அந்தக் கூரை நிற்கும் நிலத்தைக் கேட்காமல் இருப்பது எப்படி? தோட்ட நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கோரிக்கைகளும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று இந்தப் பத்திரிகை மூலம் தலைமைக்கு வேண்டுகோள் விடுக்கிறேன்.

ஒன்று, தோட்டக் காணியைக் கிரவலுக்குக் கொடுக்குமுன் அங்கே குடியிருப்பவர்களுக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு, வீடு, பிள்ளைப் பராமரிப்பு நிலையம், கோவில், பாடசாலை, ரோடு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வெட்டுவதானால் தகுதியுள்ளவர் செய்த சாய்வு மதிப்பீடு முதலில் வர வேண்டும். மூன்று, தூரத்தை ஆழத்தோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆழம் கூடினால் தூரமும் கூட வேண்டும். நான்கு, மழைக்காலத்துக்கு முன் மறுமதிப்பீடு. ஐந்து, வெடிப்பு விழுந்த வீட்டுக்காரருக்கு மதிப்பீடு முடியும்வரை நிர்வாகச் செலவில் வேறு இருப்பிடம், வேலை நாள் வெட்டு இல்லாமல். ஆறு, வெட்டி முடிந்த குழிக்கு வேலி, சாய்வு திருத்தம், மறுநடுகை.

ஆறும் பெரிய கோரிக்கைகள் இல்லை. ஆறையும் சேர்த்தாலும் அந்தக் குழியிலிருந்து ஒரு மாதத்தில் போகும் டிப்பர்களின் வருமானத்துக்கு ஈடாகுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் சொன்ன அந்தக் கடைசிக் காம்பராவில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். வெடிப்பைச் சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அக்கா மழை இரவுகளில் பிள்ளைகளை முன் காம்பராவில் படுக்க வைத்துவிட்டு, தான் குசினிப் பக்கம் விழித்திருக்கிறார். நாள் முழுவதும் தேங்காய் மட்டை சுமந்த பெண். மண்ணின் சத்தத்துக்குக் காவல் இருப்பது அவருடைய வேலையா? அந்தக் காவலைச் செய்ய வேண்டியவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, அளக்கும் கருவியும் இருக்கிறது. அவர்களை வந்து அளக்க வைப்பது சங்கமாகிய எமது பொறுப்பு.

அடுத்த ஐப்பசிக்கு முன் அந்தக் குழி அளக்கப்பட வேண்டும். உங்கள் தோட்டத்திலும் குழி இருந்தால் கிளைக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள், கொப்பியில் எழுதி வாருங்கள். ஒன்றாகக் கேட்போம். மழை வருமுன் கேட்போம்.